சொல்தா வீட்டு வாசல்

கரையானுக்கு மருந்து அடிக்கிறவன் வீட்டுக் கதவையே கரையான் அரிக்கிறது என்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டு நிலைக்காலில் மண் ஏறிக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்தவன் வீட்டு நிலைக்காலைக் காப்பாற்றப் போகிறேன். சலிப்புதான், வேறென்ன. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. துளை போடுகிற மிஷினைப் பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. இந்தப் புதுச்சேரியில் நான் மண்டி போடாத வீட்டு மூலை கொஞ்சம்தான் பாக்கி.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் போகிறேன், சுவரோரம் துளை போடுகிறேன், மருந்தை ஊற்றுகிறேன், சிமென்ட் வைத்து அடைக்கிறேன், வருகிறேன். அது எந்தக் கரையான், எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை. நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்ல ஆளில்லை. முன்னே ஒருத்தர் இருந்தார்.

மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பெயர் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, கரகரத்த குரல். கரையானைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்திருந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதலில் அவரைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. அலமாரி, கட்டில் எல்லாம் செல்லு பிடித்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார். கரையானை எங்கள் பக்கத்தில் செல்லு என்றும் சொல்வோம். நான் சுவரோரம் கோடு போட்டு முதல் துளைக்கு மண்டி போட்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. அந்த வீட்டுப் பெண் இவரிடம் படித்தவளாம், அவள்தான் சொல்லியிருக்கிறாள். மேடம் நேரே உள்ளே வந்து மிஷினை நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து மஞ்சள் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடிப் பக்கத்தால் அலமாரியைத் தட்டினார். கட்டிலைத் தட்டினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பூஜை அறை, சமையற்கட்டு, குளியலறைக் கதவு என்று தட்டிக்கொண்டே போனார். வீட்டுக்கார அம்மாள் அவிழ்த்துப் போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அலமாரிக்கு அடியில் கிடந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். மண்ணாக இருந்தால் மாவாகும். இது கசகசா மாதிரி உருண்டது.

"இது மண்ணுக்கே போகாத செல்லு. காஞ்ச மரத்துலயே பொறந்து, அதையே தின்னு, அதுலயே சாவும். தண்ணி கூடக் கேக்காது. இது அதோட எச்சம். நீங்க தரைய எவ்ளோ தொளச்சாலும் இதுக்குத் தெரியக்கூடப் போறதில்ல" என்றார்.

அன்றைய வேலை போச்சு. அலமாரியின் ஒரு கால் கட்டையைக் கழற்றச் சொல்லி, அதைப் பிளந்து காட்டினார். மேலே வழவழவென்று பாலிஷ், உள்ளே சல்லடை. ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை. அதைக் கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ஊசி முனையால் தொட்டதும் அது அசைந்தது. ஒரு கரையானின் தலை. எறும்பு நுழையாமல் இருக்கத் தலையையே கதவாக வைத்து அடைத்துக்கொண்டு நிற்குமாம். அதற்குத் தானாகத் தின்னவும் தெரியாதாம், உள்ளே இருப்பவை ஊட்டினால்தான் உண்டு. "எங்க வீட்ல இவங்களுக்கு சொல்தான்னு பேரு" என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இந்த ஊரில் சொல்தா என்போம். மேடத்தின் அப்பா ஒரு சொல்தா. அவர்கள் வீட்டுக்கே தெருவில் சொல்தா வீடு என்றுதான் பேர்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. மருந்து அடிப்பதற்கு முன்னால் நான் போன் செய்வேன். காலேஜ் இல்லாத நேரமாக இருந்தால் ஸ்கூட்டியில் வந்துவிடுவார். தட்டுவார், பார்ப்பார், சின்ன பாட்டிலில் நாலைந்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே அடிக்கலாம், எங்கே வீண் என்று சொல்லிவிட்டுப் போவார். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, வர்ற வேலையையும் அந்தம்மா கெடுத்துட்டுப் போவுது என்று என் மனைவி சத்தம் போட்டாள். அவள் சொன்னதும் சரிதான். ஆனால் நான் மருந்து டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு மொத்தக் குடும்பமும் தெருவுக்கு ஓடிவிடும். அப்படிப்பட்ட தொழிலில், பக்கத்தில் குந்திக்கொண்டு "இத பாருங்க, இத பாருங்க" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தது எனக்குப் பெரிசாக இருந்தது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

ஒவ்வொன்றும் வாசலை எப்படிக் காக்கிறது என்பதில்தான் மேடத்துக்குக் கண். பிள்ளைச்சாவடியில் ஒரு மீன்காரம்மா வீட்டில் நிலைக்காலை உடைத்தபோது உள்ளிருந்து வந்த சொல்தாக்கள் நெற்றியில் பால் மாதிரி ஒரு சொட்டு விட்டன. அந்தம்மா பதறிப்போய் கற்பூரம் ஏற்றக் கிளம்பிவிட்டாள். அது பாலில்லை, கடிக்க வருகிற எறும்பின் வாயை ஒட்ட வைக்கிற பசை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் மேடத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொரு தடவை, விழுப்புரம் சாலைப் பக்கம் செம்மண் மேட்டில் புல்லை வெட்டிக்கொண்டு போகிற ஒரு கரையான் ஜாதியைக் காட்டினார். அதில் சொல்தாவுக்குக் கடிக்கப் பல்லே இல்லை, தலையே கூர் மூக்கு. விரலை நீட்டினால் நூலாகப் பசையைப் பீய்ச்சுகிறது. மேடம் பிசுபிசுத்த விரலை என் மூக்கருகே நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். மாமரப் பிசின் வாசம் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் சோறு தின்கிறபோதும் அந்த வாசம் இருந்தது.

ஊரில் எல்லார் வீட்டுக்குள்ளும் இப்படிப் பூஜை அறை வரைக்கும் போனவர், தன் வீட்டுக்குள் ஒருத்தரையும் விட்டதில்லை. பாட்டில் கொடுக்க, வாங்க என்று நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உயரமான பழைய கதவு. ஒற்றைக் கதவைத் திறந்து, மூடியிருக்கிற மற்றக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு இடைவெளியில் நிற்பார். பேச்செல்லாம் அங்கேதான். உலகத்துக் கரையானெல்லாம் பேசுவார். காப்பி கூட டம்ளரில் வாசலுக்கே வரும். ஒருநாள் அடைமழை. தொப்பலாக நின்றேன். உள்ளே போனவர் குடையை எடுத்துவந்து கொடுத்தார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. திமிர் என்றது தெரு. உள்ளே என்னத்தைப் பதுக்கியிருக்கோ என்றார் எதிர்வீட்டுக்காரர். ஒரு வாய்த் தண்ணிக்கு உள்ளே கூப்பிடாத பொம்பளை வீட்டுக்கு என்ன போக்குவரத்து என்று என் மனைவி. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்தப் புற்று விஷயத்தைச் சொல்லவேண்டும். ஊருக்கு வெளியே புதிதாக மனை போட்ட இடத்தில் ஒருவர் வீடு கட்டினார். பக்கத்து மனை காலி. அதில் ஒரு புற்று எழும்பி, மழைக்கு மழை வளர்ந்து, இடுப்பு உயரம் வந்துவிட்டது. யாரோ மஞ்சள் பூசினார்கள், யாரோ சிவப்புத் துணி சுற்றினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பால், முட்டை. வீட்டுக்காரருக்கோ புது நிலைக்கால் எல்லாம் மண் ஏறுகிறது. மனைவி கண்ணில் படாமல் புற்றுக்குள் மருந்தை ஊற்றிவிட முடியுமா என்று என் காதில் கிசுகிசுத்தார். நான் மேடத்துக்குப் போன் செய்தேன்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுப் புற்றின் பக்கத்தில் குந்தினார். அன்று வெள்ளிக்கிழமை. அந்த வீட்டு அம்மாள் வந்து வாய் திறந்திருந்த ஓட்டையில் சொம்புப் பாலை ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பால் வாசத்துக்கு எறும்புச் சாரை வந்தது. கரையானுக்கு எறும்பைவிடப் பெரிய எதிரி கிடையாது. நாகத்துக்கு ஊற்றுகிறோம் என்று நினைத்து, புற்றைக் கட்டின கரையான்கள் வீட்டுக்கே பகையைக் கூட்டி வந்து விடுகிறோம். நானும் சின்ன வயதில் ஊற்றியிருக்கிறேன். உள்ளே இவர்கள் பயிர் வேறு செய்கிறார்களாம். மரத்தைத் தின்று கழித்ததில் பூஞ்சையை வளர்த்து, அதைத்தான் சாப்பிடுகிறார்களாம். மழைக்குப் பிறகு நாம் பறித்துக் குழம்பு வைக்கிற புற்றுக்காளான் அந்தத் தோட்டத்துப் பூ என்று சொன்னபோது எனக்கு நாக்கில் அந்தக் குழம்பு ருசி வந்தது.

ஓட்டை வாயில் பெரிய தலைச் சொல்தாக்கள் வந்து வரிசையாக நின்றன. எறும்பைக் கடித்தன. பின்னாலிருந்து சின்னவை ஈரமண்ணை உருட்டி வந்து ஓட்டையை அடைக்க ஆரம்பித்தன. சொல்தாக்களை வெளியே விட்டுவிட்டே அடைத்தன. வெளியே நிற்பவர்களை உள்ளே சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன்.

"மாட்டாங்க. அதுங்களும் திரும்பிப் பாக்காது" என்றார் மேடம். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். புற்றைத் தொடவேண்டாம், வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றி மட்டும் மருந்து வைத்தால் அவர்கள் அவர்கள் வீட்டில் இருப்பார்கள், இவர்கள் இவர்கள் வீட்டில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்படியே செய்தேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. குருசுக்குப்பம் போகிற வழியில் ஒரு பழைய மாடி வீடு. மேலே மர உத்திரம் வைத்துச் செங்கல் பாவின கூரை. அந்த உத்திரத்தில் மண்பூசிக்கொண்டு கரையான் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே கட்டிலில் அந்த வீட்டுக்காரரின் தாயார் படுத்த படுக்கையாக இருந்தாள். மேடம் ஸ்டூல் மேல் ஏறி ஒரு தட்டுத்தான் தட்டினார். கீழே இறங்கினார். கட்டிலை நகர்த்துங்கள் என்றார். சாயங்காலம் ஆள் வந்ததும் நகர்த்துகிறோம் என்றார் வீட்டுக்காரர்.

"சாயங்காலம் இல்ல. இப்ப. நான் நிக்கும்போதே" என்றார் மேடம்.

உத்திரம் நன்றாகத்தானே இருக்கிறது, போன பொங்கலுக்குத்தான் பெயின்ட் அடித்தோம் என்று அந்த ஆள் முனகினார். பெயின்ட்டை நம்பாதீங்க என்பது மேடம் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை. அங்கே அதைச் சொல்லாமல் கட்டிலின் ஒரு காலை அவரே பிடித்துத் தூக்கினார். நானும் பிடித்தேன். கிழவி கத்தினாள். கத்தக் கத்த நகர்த்திவிட்டோம். பெற்றவளை உத்திரத்துக்குக் கீழே போட்டு வைத்துக்கொண்டு பெயின்ட் கதை பேசுகிறீர்களே என்று அந்த ஆளை அவர் கேட்ட கேள்வியில் நானே தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டி ஸ்டாண்டை எடுக்கக் குனிந்தபோது அவர் தலை எனக்கு நேரே வந்தது. பின்னலில், வகிட்டோரத்தில், கசகசா மாதிரித் தூள். நான் முதலில் அந்த வீட்டு உத்திரத்துத் தூள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் இருந்தது மண்ணில் வருகிற ஜாதி. அது இந்தத் தூளைப் போடாது. இது காய்ந்த மரத்தில் குடியிருப்பது. இத்தனை வருஷம் அவர்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அவர் தலையிலேயே பார்த்துவிட்டேன்.

"மேடம், உங்க வூட்ல செல்லு இருக்குதா?" என்று கேட்டேன்.

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

விடுவேனா. மறுநாளே போனேன். வழக்கம்போல ஒற்றைக் கதவு, ஊன்றிய கை. மிஷினும் மருந்தும் கொண்டுவந்திருக்கிறேன், வழி விடுங்கள் என்றேன். உள்ளேயிருந்து ஒரு வயசான குரல் கேட்டது. "யாரும்மா அது, கப்பல்காரனா?"

"ஆமாம்ப்பா. நாளைக்குக் காலையில ஊருக்குப் போயிடலாமாம். தூங்குங்க" என்று மேடம் உள்ளே பார்த்துச் சொன்னார்.

யாருக்கும் ஒரு சமாதான வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷி. தேறாத மரத்தைத் தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பொய்யைக் கேட்டதும் நான் மிஷினைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் வாசலில் நின்றபடியே சொன்னார்.

அப்பாவுக்கு மறதி. பெண்ணையே சில நாள் தெரியாது. பட்டாளத்திலிருந்து கப்பலில் ஊர் திரும்புகிற நாள் ஒன்று மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது. அவர் படுத்திருக்கிற அறையில் மேலே மர உத்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு, கப்பலின் அடித்தட்டில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உத்திரத்தைப் பார்த்தால் அமைதி. நாளைக்கு ஊர் வந்துவிடும் என்று சந்தோஷம். முன்பக்கத்து அறையில் கான்கிரீட் கூரை. மேடம் அங்கே படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். கப்பலை விட்டு இறக்கிவிட்டார்கள், என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரே அலறல். தண்ணீர் கூட இறங்கவில்லை. காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரிய பாடு. உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்ததும் நடந்திருக்கிறது. வேற்றாள் முகத்தைப் பார்த்ததும் பகைப் பட்டாளம் என்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாராம். இழுத்து எடுக்கும்போது இடுப்பு எலும்பு பிசகிவிட்டது. அதற்குப் பிறகுதான் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று ஆனது.

"நான் வேணா ராவுல அவர் தூங்கும்போது வந்து முட்டு நிறுத்திட்டுப் போறேன்" என்றேன்.

"முழிச்சா கப்பல்ல புதுசா ஒரு கம்பம் நிக்கும். அது என்னான்னு கேப்பாரு. நான் என்னா சொல்றது?"

உத்திரம் எப்படி இருக்கிறது, தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கதவில் ஊன்றியிருந்த கையை மாற்றிக்கொண்டார். இல்லை என்று தலையாட்டினார். ஊரில் ஒரு மரம் விடாமல் தட்டினவர் அந்த உத்திரத்தை மட்டும் தட்டவில்லை. முந்தின நாள் அந்த வீட்டுக்காரரை நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா என்று என் வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. "அவங்கம்மாவுக்கு ரூம் மாறினா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். குரலில் கரகரப்பு கூடியிருந்தது. நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் முன்னை மாதிரி அடிக்கடி வரவில்லை. வந்தாலும் வேலை முடியும் முன்பே கிளம்பிவிடுவார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் வரும். விஷயத்தைச் சொன்னதிலிருந்து என் மனைவிக்கு மனசு மாறி, இட்லியோ சாதமோ டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு வருவேன். ராத்திரி மழை பிடித்தால், அந்தக் கூரைச் செங்கல் ஊறி, பாரம் கூடி, அந்த உத்திரம் என்று நினைப்பு அங்கேயே போகும். காலையில் முதல் வேலையாக அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். ஸ்கூட்டி வாசலில் நின்றால் சரி.

சொல்தா படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். உத்திரம் விழவில்லை. வயசுதான். விடியற்காலையில் காப்பி கொடுக்க எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், நான் வாசலுக்கு வெளியே கூட்டத்தோடு நின்று பார்த்தேன். கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு இரண்டு மூன்று வயசான சொல்தாக்கள் வந்து, தள்ளாடிக்கொண்டே சல்யூட் வைத்தார்கள். மேடம் அழவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது, அதன் முன்னால்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் போன் வந்தது. மருந்து வேண்டாம், உயரமான ஸ்டூல் ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள், தச்சரையும் பின்னாடியே வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். போனேன். இரண்டு கதவும் திறந்திருந்தன. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டினேன்.

உள்ளறையில் பெரிசாக ஒன்றுமில்லை. மருந்து வாசம், ஒரு ஜன்னல், மேலே பச்சை பெயின்ட் அடித்த உத்திரங்கள். நடு உத்திரத்துக்கு நேர் கீழே கட்டில். அதோடு ஒட்டி இன்னொரு கட்டில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கொசுவலை. வலையின் மேல்பக்கம் தூள் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வலை கிழிந்த இடத்துக்குக் கீழே இருந்த தலையணையிலும் தூள். அதன் பக்கத்தில் பெண்கள் வைக்கிற ஹேர்பின் இரண்டு கிடந்தது. மேடத்தின் தலையில் தூள் எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டூலில் ஏறினேன். மேடம் பையிலிருந்து மஞ்சள் பிடி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தார். சுவரோரத்தில் தட்டினேன், மரம் கெட்டியாகப் பேசியது. நடுவுக்கு வந்தேன். காலி டப்பாவைத் தட்டின சத்தம். முனையை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பெயின்ட் பொரிந்து, தூள் பொலபொலவென்று அந்தத் தலையணை மேல் கொட்டியது. நான் அந்த உத்திரத்தில் கையை வைக்காமல் அப்படியே நின்றேன்.

இறங்கினதும் எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். தட்டவே வேண்டாம், சத்தமில்லாத நேரத்தில் படுத்துக்கொண்டு காது கொடுத்தாலே அரிக்கிற சத்தம் கேட்கும் என்றார்.

"சரி மேடம். அவர நகத்த முடியல, ஒத்துக்கறேன். நீங்க எதுக்கு இங்க படுத்தீங்க? முன் ரூம்ல படுத்திருக்கலாம் இல்ல? விழுந்திருந்தா ரெண்டு பேரும் இல்ல போயிருப்பீங்க?"

மேடம் குனிந்து தலையணையை எடுத்துத் தூளைத் தட்டினார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"அவர மட்டும் கப்பல்ல எப்படிங்க தனியா ஏத்தி விடறது?" என்றார்.

ஸ்டூலை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். தெருவில் தச்சர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மேடம் அவசரமாகப் போனார். நானும் பின்னால் போனேன். தச்சர் உளியும் ரம்பமும் வைத்த பையோடு படியில் நின்றுகொண்டிருந்தார். மேடம் ஒரு கதவைச் சாத்தி, அதில் கையை ஊன்றிக்கொண்டு, இடைவெளியில் நின்றார். என்ன வேலை, எந்த மரம் என்று வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தார். தச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேடம் நகர்ந்து அதையும் மறைத்தார்.

தச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இனிமே உள்ள வுடலாம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊன்றியிருந்த கையைக் கதவிலிருந்து எடுத்தார். ஒதுங்கி வழிவிட்டு, எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டு அழ ஆரம்பித்தார்.